பெட்டியை விட்டுவிட்டுப் போன திருடன்

அத்தியாயம் ஒன்பது

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு பெவ் ஹார்லண்டின் இடது காதை டாக்டர்கள் திறக்கப்போகிறார்கள். வலது காது நாலு வருடம் முன்பே செத்துப்போயிற்று. இடது காதுக்குள் ஒரு கருவியைப் பதிப்பார்கள். அதற்குப் பிறகு பேச்சு கேட்கும். பாட்டு மட்டும் தகரக் கூரையில் ஆணியைக் கொட்டின மாதிரிதான் கேட்கும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இப்போது மிச்சமிருக்கிற கொஞ்சநஞ்சக் கேட்கும் திறனும் அறுவையோடு போய்விடுமாம்.

இன்றைக்கு வியாழன், காலை பதினொன்று.

ஹல் நகரில் ஐம்பது வயது தாண்டின ஆண் யாரைக் கேட்டாலும் பெவ்வைத் தெரியும் என்பான்; பாதிப் பேர் அவளோடு ஆடினதாகவும் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். தி ஸ்லாக் வாட்டர்ஸ் என்ற ராக் குழுவில் அவள் பாட, தம்பி டென்னி பேஸ் கிதார் வாசித்துக் கூடவே பாடினான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் 'ரெயின் லெட்ஜர்' என்று ஒரு ஆல்பம். பதிவு முடிந்த மூன்றாம் வாரம் டென்னி கார் கவிழ்ந்து செத்துப்போனான். அவன் குரல் அரை நொடி பிந்தி வருகிறது என்று சொல்லி, ரெக்கார்டு கம்பெனி அதைத் துடைத்துவிட்டு வேறு ஒருவனைப் பாடவைத்து வெளியிட்டது. டென்னியின் குரலோடு துடைபடாமல் மிஞ்சியது ஒரே ஒரு அசல் டேப் சுருள். கம்பெனிக் கிடங்கில் நாற்பத்தெட்டு வருடம் கிடந்து, பத்து நாள் முன்பு டெஸ்மண்ட் ராங்கத்திடம் வந்து சேர்ந்தது.

செவ்வாய்க்கிழமை காணாமல் போனது.

"தேடிக் கண்டுபிடிச்சிருவீங்க இல்ல?" என்றாள் பெவ். காது கேட்காதவர்கள் பேசுகிற சத்தத்தில், அதாவது பக்கத்துத் தெருவுக்கும் சேர்த்து. "தம்பி குரலை ஒரே ஒரு தடவை கேட்டுட்டுப் போறேன். அப்புறம் டாக்டர் காதை அறுத்துக்கட்டும், மூக்கை அறுத்துக்கட்டும்."

ஹெட்டி ஸ்டேதர்ஸ் அவள் இடது காதருகே குனிந்து, "பாக்கறேன் பெவ்," என்றார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருடம் பொய்த் தீ விபத்துகளை மோப்பம் பிடித்தவர் ஹெட்டி. ஓய்வு பெற்ற பிறகும் மூக்கு ஓய்வு பெறவில்லை. நான் பாலீன், அவர் எதிர் வீடு. நடமாடும் நூலக வண்டி ஓட்டுகிறேன். ஹெட்டிக்குக் கார் ஓட்டத் தெரியாது, எனக்கு வாயை மூடத் தெரியாது. இந்தக் கூட்டணி இப்படித்தான் உண்டானது.

நாங்கள் வந்திருந்த டெஸ்மண்டின் ஸ்டூடியோ பழைய மீன் புகை போடுகிற கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. பழைய ராக் ஆல்பங்களைத் தூசு தட்டி, புத்தகமும் படங்களும் சேர்த்து, கனமான டீலக்ஸ் பெட்டியில் மறுபடி வெளியிடுவது அவன் தொழில். கூடவே ஒரு துளிகூட இழப்பில்லாத ஒலிக் கோப்பு. அந்த ஒரு துளிக்காக உயிரை விடுகிற ஆட்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். ஒரே ஆல்பத்தை ஏழாவது தடவை வாங்கி, ஆறாவதில் மங்கலாக இருந்த தாளத்தட்டு இதில் தெளிவாக இருக்கிறது என்று விடிய விடிய எழுதுவார்கள். டெஸ்மண்ட் ஒயர்களை எல்லாம் சின்னச் சின்ன மரக்கட்டைகளின்மேல் தூக்கி வைத்திருந்தான். தரையில் பட்டால் ஒலிக்கு ஜலதோஷம் பிடிக்குமோ என்னவோ.

"பூட்டு உடையல, ஜன்னல் உடையல," என்றார் ஹெட்டி. "சுருள் மட்டும் போச்சு. பெட்டி?"

"பெட்டி இங்கதான் இருக்கு," என்று டெஸ்மண்ட் நீட்டினான். அட்டைப் பெட்டி. மேலே பாட்டுகளின் பெயர்கள் பென்சிலில்; ஓரத்தில் டீ கப்பின் வட்டக் கறை; மூலையில் டென்னி கிறுக்கிய ஒரு கோழி.

ஹெட்டி அதை ரொம்ப நேரம் பார்த்தார். "அழகான கோழி," என்று மட்டும் சொன்னார்.

டெஸ்மண்டுக்கு மூன்று நாளாகத் தூக்கமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவன் சந்தேகப்பட்டது ஒரே ஒரு ஆளை. ஒலி வெறியர்களுக்கு இணையத்தில் ஒரு மன்றம் இருக்கிறது. அதற்கு டெஸ்மண்ட்தான் காவல்காரன். ஆறு வாரம் முன்பு 'கேப்டன்54' என்ற பெயரில் ஒரு ஆள் முப்பது நொடிப் பாட்டு ஒன்றைப் போட்டு, 'இதில் டென்னி பாடுகிறான்' என்று எழுதியிருந்தான்.

"கேட்டியா அதை?" என்றார் ஹெட்டி.

"கேக்க என்ன இருக்கு? கிராஃப் போட்டுப் பாத்தேன்." கணினியில் ஒரு படத்தைத் திறந்தான். கீழே ஊதாவும் சிவப்புமாக நெருப்பு மாதிரி ஏதோ எரிந்தது. மேல் பாதி முழுக்கக் கறுப்பு. "இந்தக் கோட்டுக்கு மேல ஒண்ணுமே இல்ல பாருங்க. அதிர்வெண் பதினஞ்சாயிரத்துல அப்படியே வெட்டு விழுந்திருக்கு. அசல் டேப்புன்னா இது மேல வரைக்கும் போகணும். இது ஏதோ குப்பை. மன்றத்துல படத்தைப் போட்டு நாலு வார்த்தை எழுதிட்டு, பாட்டை அழிச்சுட்டேன்."

"அந்த நாலு வார்த்தையைப் படிங்க," என்றேன் நான்.

அவன் படிக்கவில்லை. நானே எட்டிப் பார்த்துப் படித்தேன். 'காதில் பஞ்சோடு பிறந்தவர்கள் இங்கே வரவேண்டாம்.' அதற்குக் கீழே எண்பத்தாறு பேர் சிரித்திருந்தார்கள்.

"பாட்டை யாராவது சேமிச்சு வெச்சிருக்காங்களா?"

"இல்ல. படம்தான் இருக்கு."

"நல்லாருக்கு," என்றேன். "கல்யாண வீட்டுக்குப் போய் மெனுவைப் படம் எடுத்துட்டுச் சாப்பிடாம வந்த கூட்டம்."

பெவ் எங்கள் உதடுகளையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவளுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஹெட்டி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் படத்தை முகர்வது போலக் குனிந்தார். "இது என்ன, கோட்டை மதில் மாதிரி பல்லுப் பல்லா ஓடுது?"

நெருப்புக்கு நடுவே மெல்லிய கோடு ஒன்று மேலும் கீழுமாக ஏறி இறங்கி வலது ஓரம் வரை போயிற்று.

"வெளிச் சத்தம்," என்றான் டெஸ்மண்ட் அலட்சியமாக. "ஏதோ பழைய பாட்டுப் பெட்டில போட்டு, முன்னாடி போனைப் பிடிச்சு எடுத்திருக்கான். ரெண்டு சுருதி மாறி மாறிக் கத்துது. சைரன்."

"ஆம்புலன்ஸா?"

"ஆம்புலன்ஸ்னா வந்து தாண்டிப் போகும். போகப் போகச் சுருதி இறங்கும், கோடு சாயும். இது வளையவே இல்லையே. இது நின்ன இடத்துலயே நின்னு கத்துது."

நின்ன இடத்திலேயே நின்று, இரண்டு சுருதியில், அரை நிமிடம் கத்துகிற சைரன். வாரா வாரம் வியாழக்கிழமை அதன் முன்னால் வண்டியை நிறுத்திக்கொண்டு பல்லைக் கடிப்பவள் நான்.

"ரயில்வே கேட்," என்றேன். "காட்டிங்ஹாம் கேட். ஹெட்டி, கேட்டை ஒட்டி மூணே வீடு. ஒண்ணு பல் டாக்டர். ஒண்ணு விக்கறதுக்குப் பலகை மாட்டி ஒரு வருஷமாச்சு. மூணாவது மேவிஸ் க்ளெக். பெரிய எழுத்து கௌபாய் நாவலா எடுத்துட்டுப் போய் ஜாம் தடவித் திருப்பித் தருவா. அவ பூனை பேரு என்ன தெரியுமா?"

"சொல்லு."

"கேப்டன்."

டெஸ்மண்ட் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "பொம்பளையா?" என்றான். திருட்டைவிட அதுதான் அவனை அதிகம் உலுக்கியது போலிருந்தது.

கிளம்பும்போது ஹெட்டி கதவருகே நின்றார். அங்கே பிரிக்காத பெரிய அட்டைப்பெட்டி ஒன்று. "பழம் உலர்த்தற மெஷினா? ஆப்பிள் வத்தல் போடறியா டெஸ்மண்ட்?"

"நேத்துதான் வந்துச்சு," என்றான் அவன், தரையைப் பார்த்து.

*

மேவிஸ் க்ளெக்குக்கு எழுபது வயது. கதவைப் பாதி திறந்து, "புக்கைத் திருப்பித் தர இன்னும் ரெண்டு வாரம் இருக்கு பாலீன்," என்றாள்.

"புக்குக்கு வரல," என்றார் ஹெட்டி. "டென்னி ஹார்லண்டுக்கு வந்திருக்கோம்."

கதவு முழுக்கத் திறந்தது. உள்ளே போகச் சொல்லவில்லை. அவள் நகர்ந்துகொண்டாள், அவ்வளவுதான். சமையலறை மேசையில், ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில், கைப்பிடி வைத்த பழைய கேசட் பெட்டி ஒன்று நின்றது. அதற்குமேல் கேப்டன் படுத்திருந்தான்.

"சுருள் எங்க மேவிஸ்?" என்றேன் நான், துப்பறியும் நாவல்களில் எல்லாம் இப்படித்தான் கேட்பார்கள் என்பதால்.

"எந்தச் சுருள்?"

ஹெட்டி என்னை முழங்கையால் இடித்தார். "அவ எடுக்கலடி. ஆறு வாரம் முன்னாடியே பாட்டைப் போட்டவ பத்து நாள் முன்னாடி வந்த சுருளை எதுக்குத் திருடணும்? அவகிட்ட ஏற்கனவே இருக்கு."

மேவிஸ் பூனையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கேசட் ஒன்று. ஸ்டூடியோவில் ரெக்கார்டிங் முடிந்த அன்றைக்கே டென்னி தனக்காக ஒரு நகல் எடுத்து, அவளிடம் கொடுத்தானாம். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அடுத்த மாதம் மோதிரம் வாங்குவதாக இருந்தது.

ஊரில் யார் யாரோடு சுற்றினார்கள் என்பதில் எனக்குத் தெரியாதது இல்லை என்று நினைத்திருந்தேன். நாற்பத்தெட்டு வருடம் இது என் காதுக்கு வராமல் இருந்ததில் எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

"பெவ் நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரி போறா," என்று ஹெட்டி எல்லாவற்றையும் சொன்னார். காது, கருவி, தகரக் கூரை. "இன்னைக்கு விட்டா இல்ல."

மேவிஸ் கேட்டுக்கொண்டே பூனையின் கழுத்தைச் சொறிந்தாள். பிறகு, "தரமாட்டேன்," என்றாள்.

"மேவிஸ்..."

"அடக்கத்தன்னைக்கு சர்ச்சுல முன் வரிசைல உக்காரப் போனேன். பெவ் எழுந்து வந்து, 'இது குடும்பத்துக்கு, நீ பின்னாடி போ'ன்னா. போனேன். தூண் மறைச்சுது. சவப்பெட்டியைத் தூக்கிட்டுப் போனப்பதான் பாத்தேன்." குரலில் நடுக்கம் எதுவும் இல்லை; பல தடவை தனக்குள்ளேயே சொல்லிப் பழகின பேச்சு. "இத்தனை வருஷம் கழிச்சு, சரி, எல்லாரும் கேக்கட்டுமேன்னு போட்டேன். காதுல பஞ்சோட பொறந்தவளாம். எண்பத்தாறு பேரு. எண்ணினேன்."

"பெவ்வே வந்து கேட்டா?"

கேட்டின் சைரன் கத்தத் தொடங்கியது. ரயில் வந்து போன பிறகு மேவிஸ் சொன்னாள்: "வரச் சொல்லு. வாய விட்டுக் கேக்கச் சொல்லு. அப்புறம் பாக்கலாம்."

*

டெஸ்மண்ட் பெவ்வை அழைத்துவரும்போது மணி நாலரை. வழியெல்லாம் சாலை வேலை, மழை வேறு. பெவ்வைக் காரிலேயே உட்காரச் சொல்லிவிட்டு, ஹெட்டி டெஸ்மண்டை மேவிஸ் வீட்டுப் பக்கச் சந்துக்குள் கூட்டிப்போனார். நானும் போனேன், என்னைக் கூப்பிடவில்லை என்பது வேறு விஷயம்.

"சுருளை அவதானே எடுத்தா?" என்றான் டெஸ்மண்ட். "கிடைச்சுதா?"

"உங்க ஆளுங்களை எனக்கு இப்பக் கொஞ்சம் புரியுதுப்பா," என்றார் ஹெட்டி. "பென்சில் எழுத்து, டீக் கறை, டென்னி வரைஞ்ச கோழி. உங்கள்ல ஒருத்தன் திருட வந்திருந்தா, வேணும்னா சுருளை விட்டுட்டுப் போயிருப்பான், அந்தப் பெட்டியை விட்டுட்டுப் போயிருக்கவே மாட்டான். பெட்டியை வெச்சுட்டுச் சுருளை மட்டும் எடுத்தவன் எப்படிப்பட்டவன்? அந்தப் பெட்டி பத்திரமா இருக்கணும்னு நெனைக்கிறவன். சுருள் வெளிய தெரியக்கூடாதுன்னு நெனைக்கிறவன்."

டெஸ்மண்டின் கண்ணாடியில் மழைத்துளி வழிந்தது. அவன் துடைக்கவில்லை.

"மத்தியானம் நூலகத்துல கேட்டேன். அந்தக் காலத்து டேப்பெல்லாம் ஈரம் இழுத்துப் பிசுபிசுன்னு ஆயிரும். ஓட்டறதுக்கு முன்னாடி எட்டு மணி நேரம் இளஞ்சூட்டுல காய வைக்கணும். அதுக்கு உங்க ஆளுங்க பழம் உலர்த்தற மெஷினைத்தான் வாங்கறாங்க. நீயும் வாங்கின. புதன்கிழமை வந்துது. ஆனா சுருள் போனது செவ்வாய்க்கிழமை. ஒரு நாள் பொறுக்க முடியலையா டெஸ்மண்ட்?"

அவன் சுவரில் சாய்ந்தான். "அவங்க தினமும் வந்து உக்காந்திருந்தாங்க," என்றான். "படிக்கட்டுல. காலைல ஒன்பது மணிக்கு. 'இன்னைக்கா'ம்பாங்க. மெஷின் ஒரு வாரமா வருது வருதுங்கறான், வரல. செவ்வாக்கிழமை, சரி, மெதுவா ஓட்டிப் பாக்கலாம்னு... நாலு நிமிஷம். டேப் உரசி ஓடற மெஷின் தலையில பழுப்பா மாவு மாதிரி படிஞ்சுது. நிறுத்தறதுக்குள்ள ஒட்டிக்கிட்டு அறுந்துச்சு. அதுக்கப்புறம் சுத்திப் பாத்தா, ஒலி பதிஞ்ச பூச்செல்லாம் உதிர்ந்து சுருள் முழுக்க டேப் கண்ணாடித்தாள் மாதிரி இருக்கு. ஒண்ணுமே இல்ல அதுல."

"எங்க இப்ப?"

"கார் டிக்கில. தூக்கிப் போட முடியல."

எனக்குக் கிண்டலாக ஒன்று வாயில் வந்தது. விழுங்கிவிட்டேன். இந்த நாட்டில் அந்தச் சுருளை அதிகம் நேசித்தவன் அவன்தான். அதைக் கொன்றவனும் அவன்தான். முப்பது வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடத்தை, ஒரு கிழவி படிக்கட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், அவனே மறந்திருக்கிறான்.

"பெவ்கிட்ட நீயே சொல்லணும்," என்றார் ஹெட்டி. "ஆனா இப்ப இல்ல. இப்ப உள்ள போய், 'கேப்டன்'கிட்ட முதல்ல மன்னிப்புக் கேளு. உன் வாயாலதான் அந்தக் கதவு சாத்திக்கிட்டு நிக்குது."

அவன் கேட்டான். சமையலறை வாசலில் நனைந்துபோய் நின்று, அந்த எண்பத்தாறு பேருக்கும் சேர்த்துக் கேட்டான். மேவிஸ் அவனுக்குக் கால் துடைக்கும் பாயைக் காட்டினாள்.

*

பெவ் சமையலறைக்குள் வந்ததும் மேவிஸைப் பார்த்து நின்றுவிட்டாள். ஞாபகம் வருவதற்கு நாலைந்து நொடி ஆனது. வந்தது முகத்தில் தெரிந்தது.

"நீயா?" என்று கத்தினாள்.

"நான்தான். நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா அன்னைக்கு?"

"என்ன?"

"என்ன சொன்னே என்னைப் பாத்து, சர்ச்சுல?"

"கேக்கல. கத்திச் சொல்லு."

மேவிஸ் நாற்பத்தெட்டு வருடம் சேர்த்துவைத்த கேள்வி. அதைக் கிட்டே போய், இடது காதுக்குள், ஒவ்வொரு வார்த்தையாகக் கத்த வேண்டியிருந்தது. கத்தி முடித்தபோது மூச்சு வாங்கியது. பூனை எப்போதோ ஓடிப்போயிற்று.

பெவ் கைப்பையைத் தரையில் வைத்தாள். "தெரியும்," என்றாள். முதல் தடவையாக அவள் குரல் இறங்கிக் கேட்டேன். "நீ அழுதுட்டு இருந்த. எனக்கு அழுகை வரல. பக்கத்துல நீ உக்காந்து அழுதா ஜனங்க உன்னைப் பாப்பாங்க, என்னை என்ன நெனைப்பாங்கன்னு தோணுச்சு. அவ்வளவுதான். கேவலமான காரணம். தப்பு என்னோடது மேவிஸ்."

நான் ஹெட்டியைப் பார்த்தேன், ஹெட்டி கெட்டிலைப் பார்த்தார். சமையலறைக் கடிகாரம் ஐந்தேகால் காட்டியது. ஏழரைக்கு இன்னும் பதினாலு மணி நேரம். மேவிஸ் மாட்டேன் என்றால் மறுபடி போய்க் கேட்க இந்த உலகத்தில் வேறு கதவு இல்லை.

மேவிஸ் மேசையடிக்குப் போய், நாற்காலியை இழுத்து, பெவ்வின் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். கேசட் பெட்டியைத் தூக்கி, ஒலிபெருக்கிப் பக்கம் பெவ்வின் இடது காதை ஒட்டும்படி நகர்த்தினாள். டெஸ்மண்டின் வாய் தன் வழக்கத்தை விடவில்லை.

"அதுல பதினஞ்சாயிரத்துக்கு மேல ஒண்ணும் இருக்காது," என்று முணுமுணுத்தான், அழுகிற குரலில். "முழு ஒலியைக் குடுக்கணும்னு..."

"அவளுக்கு ரெண்டாயிரத்துக்கு மேல ஒண்ணும் கேக்காதுப்பா," என்றார் ஹெட்டி. "டாக்டர் சீட்டை நீ பாக்கல. நான் பாத்தேன். அவ காதுக்கு இது ஒரு துளி குறையாத பாட்டு. மூடிட்டு உக்காரு."

பொத்தான் அமுங்கியது. முதலில் மழை மாதிரி இரைச்சல். பிறகு கிதார், பிறகு இருபத்தாறு வயது பெவ், தேனும் உப்புக்காகிதமும் கலந்த தொண்டையோடு. பல்லவி முடிகிற இடத்தில், எல்லோரும் போய்ச் சேர்ந்த பிறகு ஓடிவருகிறவன் மாதிரி, இன்னொரு குரல்.

பெவ்வின் கை மேசை விளிம்பைப் பற்றியது. "லேட்டு," என்றாள். கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாள். "கழுதை. லேட்டா வர்றான் பாரு."

மேவிஸ் அவள் பின்னால் நின்று பெட்டியை விழாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். நாலு நிமிடம் பதினோரு நொடி. டெஸ்மண்ட் கிராஃப் எதுவும் இல்லாமல் கேட்டான். என் கணக்கில் பல வருடங்களில் முதல் தடவை.

பாட்டு முடிந்தது. மேவிஸ் காதருகே குனிந்து, "மறுபடி போடவா? இன்னொரு பக்கமும் இருக்கு," என்று கத்தினாள்.

பெவ் தலையை ஆட்டினாள். "வேணாம். நிறுத்திரு. கடைசியாக் கேட்டது இதுவா இருக்கட்டும். இனிமே காலைல வரைக்கும் யாரும் என் பக்கத்துல ரேடியோகூடப் போடாதீங்க." முந்தானை இல்லாத ஊர் என்பதால் ஸ்வெட்டர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மேவிஸின் மணிக்கட்டைப் பிடித்தாள். "நாலு வாரம் கழிச்சுக் காது மெஷினை ஓட விடுவாங்க. முதல்ல யாராவது வந்து பேசிக் காட்டணுமாம். பழக்கத்துக்கு. நீ வா."

"நான் வந்து என்ன பேச?"

"திட்டு. நாப்பத்தெட்டு வருஷமா சேத்து வெச்சிருக்க இல்ல? இப்பப் பாதி கேக்கல எனக்கு. அன்னைக்கு முழுசாக் கேக்கும்."

மேவிஸ் கேசட்டை வெளியே எடுத்து, உறையில் போட்டு, உறையை ஏப்ரன் பையில் வைத்து, பையைத் தட்டிப் பார்த்தாள்.

"அன்னைக்குக் காலைலயே வந்துர்றேன்," என்றாள் பெவ்வின் காதுக்குள். "நேரம் நிறைய ஆகும்."